பன்னிரண்டு மெத்தைகள்

மைக்குக்கு நேர் எதிரே சுவரோடு நிமிர்த்திக் கட்டியிருந்த மெத்தையில், மதிவதனியின் வாய் உயரத்துக்கு ஓர் ஈரத்திட்டு இருந்தது. ஒரு ரூபாய் நாணய அளவுதான். அந்த வீட்டுக்கு இன்னும் தண்ணீர்க் குழாயே போடவில்லை. ஏப்ரல் வெயிலில் ஊர் காய்ந்து கிடந்தது. ஒழுகுவதற்கு எதுவும் இல்லை. தன் எச்சில்தான் தெறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிளஸ் டூ பரீட்சை முடித்த கையோடு ஆரம்பித்த பேண்ட் அது. இனியன் டிரம்ஸ், தல்ஹா கிட்டார், மதிவதனி பாட்டு. பாட்டு என்றால் அவள் அம்மா நினைத்துக்கொண்டிருந்த பாட்டு இல்லை. அடிவயிற்றில் கிளம்பித் தொண்டையை உரசிக்கொண்டு மேலேறும் உறுமல். ‘கொள்ளிவாய்’ என்று பெயர் வைத்து, வேங்கிக்காலில் இனியனின் அப்பா பாதி கட்டி நிறுத்தியிருந்த வீட்டில் மத்தியான வேளைகளில் பழகினார்கள். இரண்டாம் நாளே அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதனால்தான் செங்கம் ரோட்டில் இடிக்கப்போகிற ஒரு பழைய லாட்ஜிலிருந்து பன்னிரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை இனியன் குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து, சுவர், ஜன்னல், கதவு என்று ஓர் இடம் விடாமல் மூடிவிட்டான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வந்தவர்கள் உடம்பைச் சாய்த்த மெத்தைகள். எத்தனையோ வருஷத்து வியர்வையும், தலையெண்ணெயும், வீங்கிய காலில் பூசிய தைலமும், குழந்தைகளின் மூத்திரமும் பஞ்சுக்குள் இறங்கி, காற்றில்லாத அந்த அறையின் சூட்டில் மெல்ல வெந்து, பல் தேய்க்காத வாயின் காலைமூச்சு போல முகத்தில் வந்து படிந்தன. மெத்தை கட்டிய முதல் நாள் அவள் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குத்தான் உறுமல் முதல்முறையாகச் சரியாக வந்தது. இனியன் குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். தல்ஹா, “மதி, இதாண்டி வேணும். இத மட்டும் உட்றாத” என்றான். ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு கஃபேயில் ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிஷம் கேட்டு வாங்கியிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் மேடை.

அவளுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. உறுமி நிறுத்தும் ஒவ்வொரு முறையும், எதிரிலிருந்து வெதுவெதுப்பான காற்று கன்னத்தில் பட்டது. ஃபேன் இல்லாத அறை.

மூன்றாம் நாள் திட்டு உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருக்கும் என்று நினைத்தது உடம்புச் சூடாக இருந்தது. விரலை எடுத்தபோது, வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் வருவதுபோல் ஒரு கோழை இழை நீண்டு, நீண்டு, அறுந்து, அவள் மணிக்கட்டில் ஒட்டியது.

“இனியா, இத மாத்துடா. குமட்டுது.”

“லாட்ஜ் மெத்தன்னா நாறத்தான் செய்யும். ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறுத்துக்க. அப்புறம் எல்லாத்தயும் கொளுத்திடலாம்.”

அவளுக்காக மைக்கை மட்டும் எதிர்ச்சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். மறுநாள் பழைய மெத்தை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. திட்டு எதிர்ச்சுவருக்கு வந்திருந்தது. அதே அகலம். அவள் வாய்க்கு நேராக.

அன்று தல்ஹா போனில் பதிவு செய்ததை மூவரும் வாசலில் உட்கார்ந்து கேட்டார்கள். பாட்டு முடிந்து, சிம்பல் ஓசை அடங்கி, அமைதி வந்தபின், கடைசியில் ஒரு சத்தம். மடக். நிறைய எச்சிலோடு எதையோ விழுங்கும் சத்தம்.

“நீ தண்ணி குடிச்சிருப்ப” என்றான் தல்ஹா.

அவள் தண்ணீர் பாட்டிலே கொண்டுவரவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட உட்கார்ந்தபோது தொண்டைக்குள் ஏதோ அரித்தது. காறினாள். நாக்கின் அடியில் நூல்போல ஒன்று தட்டுப்பட, கண்ணாடி முன்னால் போய் நின்று இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். சாம்பல் நிறப் பஞ்சு. வந்துகொண்டே இருந்தது. தொண்டையின் ஆழத்தில் எதையோ உரசி, குடலைப் புரட்டி, கோழையில் ஊறித் திரண்ட பஞ்சு. அதோடு சுருண்டு வந்தது நீளமான ஒரு நரைமுடி. அவள் வீட்டில் யாருக்கும் நரை இல்லை. வாயை ஆறு தடவை கொப்பளித்தாள். சட்டியிலிருந்த குழம்பின் வாசனை, மெத்தை வாசனையாகவே வந்தது. விடியும்போது அவளுக்குக் குரல் போயிருந்தது. பேச வாயெடுத்தால் வெறும் காற்று.

அம்மா கிளினிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, “கத்திக் கத்திப் புண்ணாயிருக்கு. மூணு நாளைக்குப் பேசக்கூடாது” என்று மருந்து எழுதிக் கொடுத்தார். வரிசையில் காத்திருந்த நேரத்தில் அவள் தல்ஹாவுக்கு மெசேஜ் போட்டிருந்தாள். யாரும் அந்த ரூமுக்குப் போகாதீங்க, நான் வந்து சொல்றேன் என்று. பதிலுக்கு அவன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். பின்னால் இனியன் சிரிப்பது கேட்டது.

“நாளைக்கு ஷோவ வெச்சிக்கினு பயப்படாத மதி. உனக்குத் தொண்ட சரியில்லன்னா இன்னிக்கு நானே உறுமிப் பாக்கறேன். பாட்டு டெம்போ மட்டும் செட் பண்ணிக்கறோம். நீ மெதுவா வா.”

அம்மாவை வீட்டில் விட்டதும் சைக்கிளை எடுத்தாள். மூன்று மணி வெயில். ரோடு முழுக்க வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. கலெக்டர் ஆபீசைத் தாண்டித் திரும்பும்போதே டிரம்ஸின் அதிர்வு மண்ணில் வந்தது. அதற்கு மேலே உறுமல்.

சைக்கிளை நிறுத்தினாள்.

தல்ஹாவுக்கு உறுமல் வராது. பத்து நொடியில் இருமிவிடுவான். இது இருமவில்லை. மூச்சும் வாங்கவில்லை. ஒரே இழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. காது கொடுத்துக் கேட்கக் கேட்கத் தெரிந்தது. அது அவளுடைய குரல். நாலு நாளாக அந்த அறையில் அவள் கொட்டிய குரல்.

கதவைத் தள்ளினாள். நகரவில்லை. உள்பக்கம் கட்டியிருந்த மெத்தை கனத்துப்போயிருந்தது. தோளை வைத்து முட்டினாள். சொதசொதவென்ற சத்தத்தோடு ஒரு சாண் திறந்தது. அந்த மூச்சு முகத்தில் அடித்தது. சூடாக. புளித்து.

டியூப் லைட் எரிந்தது.

தரையெல்லாம் ஈரம். கோழை. செருப்பு வழுக்கியது.

இனியன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். நெற்றியெல்லாம் வியர்வை. முகத்தில் சிரிப்பு. இவ்வளவு நன்றாக அவர்கள் வாசித்ததே இல்லை.

தல்ஹா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மைக் ஸ்டாண்ட் கீழே விழுந்து கிடந்தது. கிட்டார் தோளில். விரல்கள் தந்தியில் ஓடின. சுருதி பிசகவில்லை.

தோளுக்கு மேல் அவன் இல்லை.

மெத்தை அவன் கழுத்தைச் சுற்றி இறுக்கமாக மூடியிருந்தது. நீலக்கோடு போட்ட துணி, உதடுபோல் மடிந்து, நனைந்து, மெல்ல அசைந்தது. சப்பியது. உறுமல் அங்கிருந்துதான் வந்தது.

மடக்.

தல்ஹா ஓர் அங்குலம் உள்ளே போனான். விரல்கள் நிற்கவில்லை.

இனியா என்று கத்த வாயைத் திறந்தாள். பஞ்சுதான் வந்தது.

இனியன் கண்ணைத் திறக்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டி வேகத்தைக் கூட்டினான். அவன் பிடரிக்கு ஒரு முழம் பின்னால், சுவரோடு கட்டியிருந்த மெத்தையில், நீலக்கோடுகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தன.