பெட்டி மூடுமுன் எடுத்த ஏழு படங்கள்

முதல் படத்தில் ஞானஜோதி டீச்சரின் முகம் மட்டும் ஆடியிருந்தது.

பெட்டியைச் சுற்றி நின்ற ஐந்து பேரும் பளிச்சென்று விழுந்திருந்தார்கள். மகள் ஜான்சியின் கன்னத்தில் காய்ந்துபோன கண்ணீர்க் கோடு தெரிந்தது, மருமகனின் சட்டைப் பொத்தானில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. அழுகிறவர்கள், மூச்சு விடுகிறவர்கள், நிற்கவே தெம்பில்லாதவர்கள் எல்லாரும் ஒரு விநாடி ஆடாமல் நின்றிருக்க, ஆடவே முடியாதவரின் முகம் ஈரத் துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி கலங்கிக் கிடந்தது. ஃபிரெடி கேமராவின் பின்திரையைக் கையால் மறைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தான். பதினாறு வருஷமாகக் கல்யாணம், ஞானஸ்நானம், சாவு என்று எல்லாவற்றுக்கும் படம் எடுக்கிறவன் அவன். பிள்ளைகள் ஆடுவார்கள், மணப்பெண் ஆடுவாள், ஜெபம் நீண்டால் ஆயரே ஆடுவார். செத்தவர் ஆடி அவன் பார்த்ததில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பமாகச் சுற்றி நின்று ஒரு கடைசிப் படம் எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். சேலையூரில் அந்தச் சின்ன ஆலயத்துக்குள் மழையில் மதியமே கரண்ட் போய், நாலு மணிக்கெல்லாம் ராத்திரி மாதிரி இருட்டியிருந்தது. ஃப்ளாஷ் கூடவே கூடாது என்று ஜான்சி முதலிலேயே சொல்லிவிட்டாள். அவள் அப்பா அடக்கத்தில் யாரோ ஃப்ளாஷ் அடித்து, அவர் முகம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி விழுந்து, அதைத்தான் பன்னிரண்டு வருஷமாக ஹாலில் மாட்டி வைத்திருக்கிறார்களாம். அதுக்கென்ன, என்னிடம் லென்ஸ் இருக்கிறது என்று ஃபிரெடி மார்தட்டினான். கேம்ப் ரோட்டில் ஆறு ஸ்டுடியோ இருந்தாலும் ஒன் பாயிண்ட் டூ லென்ஸ் அவனிடம் மட்டும்தான். வாயை அகலத் திறந்து விட்டால் ஒற்றை மெழுகுவத்தி வெளிச்சமே அதற்குப் போதும். ஆனால் அகலத் திறந்தால் ஒரு முகம்தான் தெளிவாக விழும். ஆறு முகமும் வேண்டுமானால் வாயைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் வெளிச்சம் பத்தாது, ஷட்டர் ஒரு முழு விநாடி திறந்திருக்க வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, யாரும் அசையாதீங்க என்று சொல்லித்தான் அமுக்கினான்.

அவன் மறைத்தது போதவில்லை. ஜான்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அம்மா முகம் ஏன் இப்படி இருக்கு, அண்ணா?"

சாவு வீட்டில் வேலை தெரியாதவன் என்று பெயர் வாங்க யாருக்குத்தான் மனசு வரும்? வாயில் வந்ததை அடித்து விட்டான். கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸுக்குள் ஸ்டெபிலைசர் என்று ஒன்று இருக்கிறது, நாம் இந்தப் பக்கம் ஆடினால் அது அந்தப் பக்கம் ஆடிச் சரிக்கட்டும், ஸ்டாண்டில் வைத்த பிறகும் அதை அணைக்காமல் விட்டால் இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே ஆட ஆரம்பிக்கும், வேறொன்றும் இல்லை, கேமரா கோளாறுதான். அவன் சொன்னது பொய்யில்லை, அப்படியும் நடப்பதுண்டு. தலையாட்டிவிட்டு அவள் அம்மாவின் தலைமாட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஆறு படம் எடுத்தான். கடைசிப் படம் எடுக்கும்போது பெட்டியை மூட மூடியைத் தூக்கிவிட்டார்கள். ஒன்றையும் அவன் திருப்பிப் பார்க்கவில்லை. திருகாணிகளை முறுக்கும் சத்தம் முடியும்வரை ஸ்டாண்டை மடக்குவதில் மும்முரமாக இருந்தான்.

ஊரப்பாக்கம் தாண்டிக் கல்லறைத் தோட்டம். அங்கே அப்பா பக்கத்திலேயே அம்மாவுக்கும் இடம் வாங்கி வைத்திருந்தார்கள். ஜான்சி காரில் கைக்குழந்தையும் நடக்க முடியாத சித்தியும் ஏறியதில் இடம் நிறைந்துவிட்டது. அம்மாவைத் தனியாக அனுப்பக்கூடாது, நீங்கள் கூட வாங்க அண்ணா என்று அவள் கேட்டபோது, அவன் அமரர் ஊர்தியில் ஏறாமல் எப்படி இருப்பான்? பின்கதவின் உள்தாழ்ப்பாள் உடைந்திருப்பதால் வெளியிலிருந்து பூட்டிக்கொள்கிறேன், பயப்படாதீங்க சார் என்று டிரைவர் ஜெயவேலு சிரித்துக்கொண்டே பூட்டினார்.

தீபாவளிக்கு முந்தின நாள். பெருங்களத்தூரில் வண்டி நின்றது, நின்றதுதான். தெற்கே போகும் பஸ்கள் எல்லாம் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்க, மழை ஜன்னல் கண்ணாடியில் வழிய, சம்பங்கி மாலையும் ஊதுவத்தியும் புது வார்னிஷும் கலந்த ஒரு வாசனை அந்த மூடின வண்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு, மூச்சை இழுத்தால் நாக்கில் ஒட்டுகிற மாதிரி ஆனது. உள்ளே டியூப்லைட் எரியவில்லை. நீளமான இரண்டு பெஞ்சுகள், நடுவில் பெட்டி, அதன் மேல் ஒரு பூச்சிலுவை. அரை மணி நேரம் ஆன பிறகு ஜெயவேலு எஞ்சினை அணைத்துவிட்டு, டிரைவர் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவிலிருந்த சின்னக் கண்ணாடியைத் தள்ளி, "சார், இது இப்போ நவுராது. ஒரு டீ குட்ச்சினு வந்துட்றேன், நீ குந்து" என்றார். சாவியையும் எடுத்துக்கொண்டு போனார். ஜான்சியின் கார் இதற்குள் முடிச்சூர்ப் பக்கம் சுற்றி அங்கே போயே சேர்ந்திருக்கும்.

சும்மா இருக்க முடியாமல்தான் ஃபிரெடி படங்களை ஓட்டிப் பார்த்தான்.

இரண்டாவதிலும் முகம் ஆடியிருந்தது, மூன்றாவதிலும். பெரிதாக்கிப் பார்த்தான். டீச்சரின் தலையணை ஓரத்து லேஸ் ஒவ்வொரு ஓட்டையாக எண்ணலாம்போல் தெளிவாக இருந்தது. வெள்ளை வலைக் கையுறை போட்ட கைகளுக்கு நடுவே நெஞ்சின் மேலிருந்த பைபிளின் எழுத்தைப் படிக்க முடிந்தது. கேமரா ஆடியிருந்தால் எல்லாமும் சேர்ந்தல்லவா ஆடியிருக்க வேண்டும்? முகம் மட்டும் இடமும் வலமுமாக இழுபட்டிருந்தது, ஒருத்தர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினால் விழுகிற மாதிரி. லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டெபிலைசர் பொத்தானை விரலால் தடவினான். அது அணைந்துதான் இருந்தது. ஸ்டாண்டில் மாட்டும்போதே பழக்கத்தில் அணைத்திருக்கிறான். ஜான்சியிடம் அளந்தபோது அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

ஏழாவது படத்தில் முகம் பக்கவாட்டில் ஆடவில்லை. மேல் நோக்கி இழுபட்டிருந்தது. தலையணையிலிருந்து லென்ஸை நோக்கி.

டீச்சர் இறந்தது செவ்வாய்க்கிழமை. ஜான்சி பஹ்ரைனிலிருந்து வரும்வரை இரண்டு நாள் ஐஸ் பெட்டிக்குள் இருந்தவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நீ அரண்டுபோய் இருக்கிறாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தைரியத்துக்காக மூடியின் மேல் கையை வைத்தான். உள்ளங்கையில் ஏதோ குறுகுறுத்தது. எஞ்சின் அதிர்வு, வேறென்ன. அப்புறம்தான் எஞ்சின் அணைந்திருப்பது ஞாபகம் வந்தது.

தொழில்காரன் புத்தி தொழிலுக்குள்தான் ஓடும். கேமராவை மூடியின் மேல் உட்கார வைத்து, பின்கண்ணாடி வழியே தெரிந்த பஸ் விளக்குகளைப் பார்க்கத் திருப்பி, ஒரு விநாடி ஷட்டரில் ஒரு படம் எடுத்தான். விளக்குகள் புள்ளி புள்ளியாக விழவில்லை. ஒவ்வொன்றும் சீப்புப் பல் மாதிரி இடமும் வலமுமாக நெளிந்திருந்தது. வண்டியே ஆடுகிறதோ என்னவோ. கேமராவை எடுத்துப் பெஞ்சில் வைத்து அதே விளக்குகளை எடுத்தான். சுத்தமான வட்டப் புள்ளிகள். மறுபடி மூடியின் மேல் வைத்தான், நெளிவு. பெஞ்சில் வைத்தான், புள்ளி.

வண்டி ஆடவில்லை. பெட்டிதான் ஆடுகிறது.

ஜான்சிக்குப் போன் போட்டான். மூன்றாவது முறைதான் எடுத்தாள். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது, உளறிக் கொட்டினான். பெட்டியைத் திறந்து பார்க்கணும், உள்ளே என்னமோ, படத்திலேயே தெரியுது என்றான்.

"நீங்கதானே சொன்னீங்க, கேமராதான்னு."

அவள் அழ ஆரம்பித்தாள். "ரெண்டு நாள் ஐஸ்ல இருந்தாங்க அண்ணா. தயவுசெஞ்சு இப்பப் போய் இப்படிப் பேசாதீங்க."

போனை வைத்துவிட்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். மறுபடி போட்டான், அணைத்து வைத்திருந்தாள். டிரைவர் நம்பர் அவனிடம் இல்லை.

கதவைத் தட்டினான். ஜன்னலைக் குத்தினான். யாராவது திறங்க என்று கத்தினான். வெளியே ஹாரன், பஸ் ஹாரன், எங்கோ ஒரு சரம் படபடவென்று வெடித்து ஓய்ந்தது. கைக்கெட்டும் தூரத்தில் பைக்கில் நனைந்துகொண்டிருந்த ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது சாவு வண்டிக்குள் கண்ணாடியில் முகத்தை அழுத்திக் கதறும் ஒரு மனுஷன். பாவம், அம்மாவாக இருக்கும் என்று நினைத்திருப்பார். மரியாதையாக நெஞ்சில் கையை வைத்து எடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃபிரெடிக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அப்போது குறுகுறுப்பு நின்றது.

அவன் முழங்கால் பெட்டியின் ஓரத்தில் பட்டுக்கொண்டிருந்ததால் நின்றது தெரிந்தது. உடனே கேமராவை மூடியின் மேல் வைத்துப் படம் எடுத்தான். புள்ளிகள். வட்ட வட்டமான, சுத்தமான புள்ளிகள். இன்னொன்று. அதுவும் புள்ளிகள். கர்த்தரே ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னான். பக்கத்தில் ஏதாவது பெரிய வண்டியின் எஞ்சின் உறுமியிருக்கும், தரை வழியாக அதிர்வு ஏறியிருக்கும், அதற்குள் தாயை இழந்து நிற்கும் மகளிடம் என்னவெல்லாம் பேசித் தொலைத்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஜான்சியின் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆனாலும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

வண்டிக்குள் கும்மிருட்டு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் லென்ஸுக்குத் தெரியும். வாயை முழுக்கத் திறந்து, இரண்டு கையாலும் கேமராவைத் தூக்கிப் பிடித்து, பின்திரையில் பார்த்தான். கருநீலமாக, புள்ளி புள்ளியாக, எல்லாம் தெரிய ஆரம்பித்தது. ஆனால் கை நடுங்குகிற நடுக்கத்தில் திரை காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி உதறியது. பூச்சிலுவை ஆடியது. எதிர்ப் பெஞ்சு ஆடியது. மூடியின் விளிம்பைத் தேடினான். விளிம்பு இருந்தது. திருகாணி ஒன்று. இரண்டு. மூன்றாவதைப் பார்க்க முடியாமல் படம் துள்ளியது. முழங்கையை விலாவோடு ஒட்டிப் பார்த்தான். மூச்சை இழுத்து நிறுத்திப் பார்த்தான். நடுக்கம் கூடத்தான் செய்தது.

பிறகு திரை நின்றது.

மெதுவாக இல்லை. சட்டென்று. பூச்சிலுவையில் ஒவ்வொரு இதழும் தெரிந்தது. மூடி தெரிந்தது. ஆறு திருகாணிகளும் இறுக்கமாக, முறுக்கின இடத்திலேயே இருந்தன. எதிர்ப் பெஞ்சு காலியாக இருந்தது. படம் துளிகூட அசையவில்லை, கல்லில் வைத்த மாதிரி.

ஸ்டெபிலைசர் வேலை செய்கிறது என்று ஃபிரெடி நினைத்தான்.

அது அணைந்திருக்கிறது.

அவன் கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. தோள் நடுங்கியது. பல் கிட்டியது. கேமரா மட்டும் நடுங்கவில்லை. இடது கையின் அடியில், லென்ஸைத் தாங்கின விரல்களுக்கும் கீழே, ஜில்லென்று ஏதோ பட்டது. ஐஸ் பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் குளிர்.

பார்க்கக்கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

பின்திரையின் வெளிச்சத்தில், வெள்ளை வலைக் கையுறை போட்ட ஒரு கை அவன் கைக்கு அடியில் இருந்தது. முதல் வகுப்புப் பிள்ளைக்கு அ எழுதப் பழக்கும் டீச்சரின் கை மாதிரி, அவசரமில்லாமல், பொறுமையாக, கேமராவைத் தாங்கிப் பிடித்திருந்தது. அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மெத்தை, அவனுக்கு இடப்பக்கம், ஓர் ஆள் பாரத்துக்கு அமுங்கியிருந்தது.

இன்னொரு கை வலப்பக்கமாகச் சுற்றி வந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது.

கேமரா அவன் கையிலிருந்து போனது. இருட்டில், துளியும் ஆடாமல், மெல்லத் திரும்பியது. அகலத் திறந்திருந்த லென்ஸ் ஃபிரெடியின் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

அவன் அசையவில்லை.