சங்கர்ராம் வீட்டு வாசல் மணி

செவ்வாய்க்கிழமை, மாலை 6.34.

மாடி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யூசுப்பும் கேசவும் உள்ளே கால் வைத்ததும் அது அணைந்தது. அந்த இருட்டில், எதிர்க் கிடங்கிலிருந்து செருப்பில்லாமல் வந்திருந்த யூசுப்பின் வெறுங்காலில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தார்கள். சங்கர்ராம் மேஜையடியில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் ஒரு தேக்குக்கட்டை, அதன் முனையில் ரத்தம்.

கொச்சி மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே, ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது அந்த வீடு. அக்கம்பக்கத்தார் அதை ஏற்கெனவே கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தார்கள். சங்கர்ராம் வீட்டுச் சாமான்களைப் புதிதாக வடிவமைப்பவர். ஐம்பது வயது, தனிக்கட்டை. ஊரெல்லாம் ஒரு மாதிரி செய்வதை அவர் தலைகீழாகச் செய்து பார்ப்பார். முள் அசையாமல் எண்தட்டு சுற்றும் ஒரு கடிகாரம். ஆள் நடமாடினால் அணைந்து, நடமாட்டம் நின்றால் எரியும் ஒரு விளக்கு. அறைக்குள் மனிதர் கிடந்தும் விளக்கு ஏன் எரிந்தது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இன்னும் நடுங்கியிருப்பார்கள்.

இரவு 7.45.

போலீஸ்காரர்கள் பூட்ஸ் காலோடு மாடிக்கும் வாசலுக்குமாக ஏறி இறங்கினார்கள். கான்ஸ்டபிள் பாண்டித்துரை கடைசியாக வாசலைக் காலி செய்தார். கதவு நிலையில் இருந்த மரக்குமிழில் ஒரு பழைய குடை தொங்கியது. குடைக்கும் குமிழுக்கும் நடுவே சிலந்தி வலை பின்னியிருந்தது. அதை அறுத்துக் குடையை எடுத்தார். கீழே செருப்பு விடும் பலகையில் இருந்தவற்றை ஒரே வாரில் அள்ளி, ஷூவைக் கேசவிடம் நீட்டி, இறந்தவரின் தோல் செருப்பைப் பைக்குள் போட்டார்.

தலைக்கு மேல் வெண்கல மணி ஒருமுறை அடித்தது.

வாசலில் யாரும் இல்லை. சந்திலும் யாரும் இல்லை. பாண்டித்துரை மறுநாளைக்கு லீவு கேட்டார், கிடைக்கவில்லை.

இரவு 8.30, காவல் நிலையம்.

இன்ஸ்பெக்டர் பாக்கியலக்ஷ்மி பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துக்காரர். குரலை உயர்த்தமாட்டார். எதிர்க் கிடங்கில் வேலை பார்க்கும் யூசுப்பை முதலில் உட்காரவைத்தார்.

"அஞ்சே முக்காலுக்கு ஒரு பெல்லு கேட்டு, மேடம். பின்னே ஆறரைக்கு. இடையில ஒண்ணும் இல்லே. சாக்கு மறைக்கிறதால ஆளைக் காண முடியாது. பெல்லு நல்லாக் கேக்கும்."

"ஆறரைக்கு யாரு?"

"கேசவ் சார். பெல்லு கேட்ட உடனே எழுந்து எட்டிப் பாத்தேன். குனிஞ்சு ஒரு ஷூவைக் கையில பிடிச்சுட்டிருந்தார். என்னைக் கண்டதும், பெல் அடிச்சும் ஆளைக் காணலியேன்னார். சேர்ந்துதான் மேலே போனோம்."

கேசவ் எர்ணாகுளத்துக்காரர், சங்கர்ராமின் தொழில் பங்காளி. மாதத்துக்கு ஒருமுறைதான் இந்தப் பக்கம் வருவாராம். அழுது முகம் வீங்கியிருந்தது.

அடுத்து, சமையல் செய்யும் மூக்கம்மாள். பிழைக்க வந்து எட்டு வருடமாகிறது.

"நாலு மணிக்கு வந்தேம்மா. அஞ்சே முக்காலுக்குப் போயிட்டேன். சார் உசுரோட, மேஜையில குனிஞ்சு வேலை பாத்துக்கிட்டிருந்தாரு."

"நாலு மணிக்கு வாசல் மணி அடிக்கலையே?"

"கதவு தெறந்துதான் கிடக்கும். நான் எதுக்கும்மா மணி அடிக்க?" மூக்கம்மாள் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாரமா நான் எறங்கும்போது மணி அடிக்குது. திரும்பிப் பாத்தா ஆளு இருக்காது. நான் போறப்பல்லாம் யாரோ உள்ள வாராகம்மா. சார்கிட்டச் சொன்னேன், சிரிச்சாரு. அதுக்கப்புறம் நான் திரும்பிப் பாக்கறதில்ல."

பாண்டித்துரைக்கு மட்டும் மயிர்க்கூச்செறிந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். கொலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் என்றார் டாக்டர். ஐந்தே முக்காலுக்கு மணி அடித்தது என்றால் அப்போது வந்தவர் மூக்கம்மாள். ஆறரைக்கு அடித்தது கேசவ். நடுவில் வேறு யாரும் வரவில்லை. நாளை பதினோரு மணிக்கு மூக்கம்மாளைக் கோர்ட்டில் நிறுத்த எல்லாம் தயார்.

"என் மக வசந்திக்கு இது ஒம்பதாம் மாசம்மா," என்றார் மூக்கம்மாள். "ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. என்னைய விட்டா அவளுக்கு ஆளில்ல."

புதன்கிழமை, காலை 7.10.

பாக்கியலக்ஷ்மிக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. சீருடை மாட்டுமுன், புடவையும் செருப்புமாகத் தனியே அந்த வீட்டுக்கு வந்தார். இறந்தவர் வீடானாலும் செருப்போடு நுழைய மனம் வரவில்லை. பலகையில் கழற்றிவிட்டுப் படியேறினார். விளக்கு அணைந்து அவருக்கு வழிவிட்டது. மேஜையில் பாதி கிழிந்த வரைபடம், ஒரு நோட்டுப் புத்தகம். ஜன்னலுக்கு வெளியே காகம்கூட இல்லை. யாரோ மூலையில் நின்று பார்ப்பது போலவே இருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு சட்டென்று இறங்கினார். அவருக்கும் பயம்தான்.

குனிந்து செருப்பை எடுத்தார். மணி அடித்தது.

மூக்கம்மாளைப் போல் அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடவில்லை. செருப்பை மறுபடி பலகையில் வைத்தார். சத்தமில்லை. எடுத்தார். மணி அடித்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார்.

காலை 9.30.

பாக்கியலக்ஷ்மி கூப்பிட்டனுப்பியதால் கேசவ் வந்தார். ஷூவைப் பலகையில் கழற்றினார். உள்ளேயிருந்து பாக்கியலக்ஷ்மி சொன்னார்.

"நேத்து பண்ணின மாதிரியே மணி அடிச்சுட்டு வாங்கோ."

கேசவ் நிலையில் இருந்த குமிழை அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"கேடாயிடுச்சு போல."

"நேத்து அடிச்சுதோ?"

"அடிச்சுதே. யூசுப் கேட்டிருக்காரே."

"அது குடை மாட்டற குமிழ், மிஸ்டர் கேசவ். நேத்து அதுல குடை தொங்கித்து. சிலந்தி வலை அறுபடாம இருந்ததுன்னு பாண்டித்துரை சொன்னார். நீங்க அதைத் தொடவே இல்லை. மணியோட விசை இந்தச் செருப்புப் பலகையிலே இருக்கு. பாரம் ஏறினா சும்மா இருக்கும். இறங்கினா அடிக்கும். வரவாளுக்கு இல்லை, போறவாளுக்கு."

கேசவ் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

"அஞ்சே முக்காலுக்கு அடிச்சது மூக்கம்மாள் போனது. நீங்க அப்புறமா சத்தமில்லாம வந்தேள். விளக்கோட வரைபடத்தை உங்க பேர்ல பதிவு பண்ணினது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. கிழிஞ்ச பாதி மேஜையிலே இருக்கு, நோட்டிலேயும் எழுதி வச்சிருக்கார். ஆறரைக்கு நழுவறதுக்கு ஷூவை எடுத்தேள். தலைக்கு மேல மணி. யூசுப் எட்டிப் பார்த்தார். கையிலே ஷூவோட நின்ன நீங்க, போறவர் வர்றவரா மாறிட்டேள்."

"எல்லா வீட்லயும் வரும்போதுதானே மணி அடிக்கும்," என்றார் கேசவ், யாரிடமோ நியாயம் கேட்பது போல.

"நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். போலீஸ்காரா பூட்ஸைக் கழட்டியிருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும். ஷூவை எடுத்துக்கோங்கோ, போகலாம்."

கேசவ் பலகையைப் பார்த்தார். நிமிர்ந்து மணியைப் பார்த்தார். ஷூவைத் தொடாமல், வெறுங்காலோடு ஜீப்புக்கு நடந்தார்.

பகல் 12.15.

விடுதலையான மூக்கம்மாள் தன் தூக்குப் பாத்திரத்தை எடுக்க வந்தார். மகள் இன்னும் பிரசவ அறையில்தான். பாக்கியலக்ஷ்மி மாடி அறையில் வைத்து நோட்டில் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினார்.

"மூக்கம்மாள் என் வேலை கெடக் கூடாது என்று சொல்லாமலே போய்விடுகிறார். வெகுநேரம் கழித்துத்தான் வீடு காலி என்று தெரிகிறது. அது பொறுக்க முடியாமல் இருக்கிறது. அவர் போகிறார் என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டும்."

மூக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார். பின்னால் பாக்கியலக்ஷ்மியும் இறங்கினார். மூக்கம்மாள் செருப்பை எடுத்ததும் மணி அடித்தது.

இந்தத் தடவை அவர் திரும்பிப் பார்த்தார். மேலே, ஆளில்லாத அறையில், விளக்கு எரிய ஆரம்பித்தது.

"போயிட்டு வாரேன் சார்," என்று படிக்கட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க ஓடினார்.