சனிக்கிழமை பேக்கப்

மணி பத்தா, பத்தரையா... எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த அலறலில் மட்டும் சந்தேகமே இல்லை!

அலறியவள் கலையரசி. பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுச்சேலை டிசைன் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு.

சர்வர் அறைத் தரையில் டிசைனர் தேவசகாயம் கிடந்தார். கழுத்தைச் சுற்றி நீல ஒயர்.

உயிர் இல்லை.

"ஐயோ... சார்!"

பின்னாலேயே உள்ளே வந்த மேனேஜர் விமல்ராஜ் பதறவில்லை. அவனுக்குப் பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. இந்தத் திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்தவன். சர்வரிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவினான். தரையில் போட்டு மிதித்தான்.

"பூட் டிஸ்க் சார் அது! அது இல்லாம மெஷினே எழாது!"

"யாரு எப்ப உள்ள வந்தாங்கன்னு இதுலதானம்மா இருந்துது? இப்ப இல்ல."

கதவோரப் பச்சை விளக்கு அணைந்தது.

விமல்ராஜ் கதவோர ரேகைக் கருவியில் விரலை வைத்தான். கதவு அசையவில்லை!

"கதவ தொறக்கறதே இந்த யூனிக்ஸ் மெஷின்தான் சார். நம்ம விரல் ரேகைங்க எல்லாம் அதே டிஸ்க்லதான் இருந்துது."

செல்போன்கள் வெளியே பெட்டியில். டிசைன் திருட்டுக்குப் பயந்து முதலாளி போட்ட சட்டம். கூடத்தில் இருபது தறிகள் சடசடத்துக்கொண்டிருந்தன. கத்தினாலும் கேட்காது.

விமல்ராஜ் மேசையிலிருந்த கத்திரிக்கோலை எடுத்தான்.

"எழுப்புமா அத."

"பேக்கப்லேர்ந்து ஏத்தணும். அரை மணி ஆவும்."

மெஷின் எழும்வரைதான் அவள் உயிர். எழாவிட்டால்... இதே நான்கு சுவர்!

அலமாரியில் இரண்டு பேக்கப். நேற்று எடுத்தது ஒன்று. போன சனிக்கிழமை எடுத்தது ஒன்று.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாம்மா வேடிக்க பாத்துக்கினு இருக்க?"

"எது நல்லா இருக்குதுன்னு பாக்கறேன் சார்."

ஒன்றை எடுத்தாள். புது டிஸ்க்கைச் செருகினாள். பென்டிரைவை வைத்து மெஷினைக் கிளப்பி, பேக்கப்பை ஏற்றினாள். கடைசியாக, மெஷினை எழுப்பும் பூட் லோடரை எழுதினாள்.

ரீஸ்டார்ட்...

பச்சை விளக்கு!

"நகரு. நீ தேவசகாயத்துக்குத் தொணையா இங்கயே இருக்கப்போற."

விரலை வைத்தான். சிவப்பு. மறுபடி வைத்தான். சிவப்பு!

"இன்னாடி பண்ண?"

"கை வேர்த்துக்கினு இருக்குது சார். நல்லா தொடச்சிட்டு வைங்க."

கத்திரிக்கோலை அக்குளில் இடுக்கி, இரண்டு கைகளையும் சட்டையில் தேய்த்தான்.

அந்த நொடியில் அவள் விரல் கருவியில் பட்டது. கதவு திறந்தது. வெளியே பாய்ந்தாள்! கதவை இழுத்துச் சாத்தினாள்.

டமார்... டமார்...

"தொறடி! என் விரல இன்னா பண்ண?"

"அது போன சனிக்கிழமை மெஷின் சார். நீங்க இன்னும் வேலைக்கே சேரல!"

போலீஸ் அவன் பையிலிருந்து திருட்டு டிசைன்களை எடுத்தது. திருடும்போது பார்த்துவிட்டதற்குத்தான் தேவசகாயம் செத்தார். அவரைச் செவிலிமேட்டில் அடக்கம் செய்தார்கள். கலையரசி அதே வேலையில் இருக்கிறாள். சனிக்கிழமை லீவு எடுப்பதில்லை.

விமல்ராஜ் சிறையில் இருக்கிறான். அங்கே அவன் விரல் ரேகையை முதல் நாளே சேர்த்துக்கொண்டார்கள்!