தழும்புக்கு நிறம் பார்த்தவன்

"என் கழுத்துல என்ன, படமா ஓடுது?"

கேட்ட பிறகுதான் ஷாமலாவுக்குப் படபடத்தது. மழைக்காக யன்னல்களை எல்லாம் மூடியிருந்த பஸ்ஸில் புழுக்கம் தாங்காமல் சால்வையைத் தளர்த்தியிருந்தாள். சுடுதண்ணீர் கொட்டிக் கறுத்த தழும்பு, காதுக்குக் கீழிருந்து தோள்வரை... கெலிஓயாவில் ஏறியவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிருங்க மிஸ்... தொழில் பழக்கம்."

நீண்ட இமைகள். அதில் மழைத்துளி வேறு. இப்படியும் ஒரு தொழிலா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண்டியில் இறங்கி, நனைந்தபடியே ஒரு மூலிகை ஆய்வு நிலையத்துக்குப் போனாள். கறுத்த தழும்புகளுக்கான கிறீமைப் பூசிப் பார்க்க ஆட்கள் தேவை என்ற அறிவித்தலைக் கண்டு பெயர் கொடுத்திருந்தாள். யன்னலோர மேசைக்குப் பின்னால்... அதே இமைகள்.

பெயர் ரொனியாம். தழும்புகளின் நிறத்தைப் பார்த்துப் பதிவதுதான் வேலையாம்.

"இப்ப பாக்கலாமா மிஸ்? இல்ல, டிக்கட் எடுத்துட்டு வரணுமா?"

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை.

பெயரில்லாத டப்பா ஒன்றைக் கொடுத்தான். உள்ளே இருப்பது மூலிகை சேர்த்ததா, வெறும் கிறீமா என்பது அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியக்கூடாது. வரும்போதெல்லாம் யன்னல் வெளிச்சத்தில் அவளை உட்காரவைத்து, ஒரு படம் எடுத்து, பழுப்பு நிறங்கள் வரிசையாக அச்சிட்ட அட்டையைக் கழுத்தருகே பிடித்து, எந்த நிறத்தோடு பொருந்துகிறது என்று எழுதுவான். கறுப்பு குறைந்துகொண்டே வருகிறது என்பான். வீட்டுக் கண்ணாடியோ வேறு சொன்னது. யாருடைய கண் பிழை? என் கண்ணாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அந்த நம்பிக்கையில் ஒரு ஞாயிறு சால்வை இல்லாமலே பூசைக்குப் போனாள்.

தழும்புக்காகத்தான் கண்டிக்கு வருகிறேனா... அந்தக் கேள்வியைத்தான் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

பிறகொரு நாள் அவனுடைய கதிரையில் ஆய்வை நடத்தும் டொக்டர் ஜஹானா இருந்தார். ஷாமலாவுக்கு நிறம் பார்க்கத் தன்னை விடவேண்டாம் என்று ரொனியே கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார், அட்டையைப் பிடித்தார்... தழும்பில் எந்த மாற்றமும் இல்லை என்றார்.

ஷாமலாவுக்கு முகம் சுட்டது. பரிதாபப்பட்டுப் பொய் எழுதியிருக்கிறான். அதை நம்பிச் சால்வை இல்லாமல் பூசைக்குப் போனாளே... பார்த்துப் பார்த்து அருவருத்துத்தான் விலகிக்கொண்டானோ?

வெளியே தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றான் ரொனி. கடந்து போய்விடத்தான் நினைத்தாள். கால் நின்றுவிட்டது.

"பாவம்னு நெனச்சீங்களா?"

"இல்ல மிஸ்."

"அப்ப எதுக்குப் பொய் எழுதினீங்க?"

"பொய் எழுதல. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சிச்சு. மத்தவங்களுக்கு எழுதினதெல்லாம் படத்தோட சரியா வந்திச்சு. உங்களுக்கு எழுதினது மட்டும் பிழைச்சிருச்சு. அட்டைய புடிச்சா, தழும்பு எங்கன்னு தேட வேண்டியிருக்கு... உங்களுக்கு நிறம் பாக்க நான் சரிவர மாட்டேன்னு டொக்டர்கிட்ட நானே சொல்லிட்டேன்."

"காரணம் கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. சொன்னேன். உங்ககிட்டதான் இன்னும் சொல்லல."

மழை தகரத்தில் இரைந்தது. அவள் போகவில்லை.

"உங்கள எனக்குப் புடிச்சிருக்கு, ஷாமலா."

சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

"ஒரு நாளைக்கு உங்க கண்ணுக்கும் அது கறுப்பா தெரிஞ்சா?"

அவன் அவசரப்படவில்லை. யோசித்தான். யோசிக்கிறானே என்று அவள் கை கழுத்துத் தழும்பை மூடிக்கொண்டது.

"தெரிஞ்சா, தெரியுதுன்னு சொல்லுவேன். சொல்லிட்டுப் பக்கத்துலதான் இருப்பேன்."

இல்லவே இல்லை, தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்திருந்தால் அவள் பஸ் ஏறியிருப்பாள்.

"எனக்கும்..." என்றாள். மீதியை மழை இரைச்சல் விழுங்கிவிட்டதோ என்று பயந்து, அவன் பக்கம் ஒரு அடி நகர்ந்து, மறுபடி சொன்னாள். "எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு."