பின்மதிலில் ஓடிய கம்பி

கரண்ட் போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும். சமையலறை மேசையருகே இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர், தன் சட்டைப்பைக்குள் ஏதோ சிவப்பாக மினுங்குவதைக் கண்டு குனிந்து பார்த்தார். டெஸ்டர்தான். கம்பியில் கரண்ட் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவர், முப்பது வருடமாக அவர் சட்டைப்பையிலேயே குடியிருப்பது. ஓடுகிற கம்பியில் நுனியை வைத்துத் தலையில் விரலை அழுத்தினால்தான் அதற்குள் இருக்கும் பொட்டு விளக்கு எரியும். இப்போது அதை யாரும் தொடவில்லை. தெருவில் ஒரு வீட்டிலும் வெளிச்சமில்லை. ஆனாலும் அது எரிந்தது. மூச்சு விடுவதுபோல, கொஞ்சம் கூடி, கொஞ்சம் குறைந்து.

எலக்ட்ரீஷியன் என்பதால் தெருவில் அவரை ஃபியூஸ்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். "கரண்ட்டே இவர்கிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் நம்ம தெருவுக்குள்ள நுழையுது" என்று கேலி செய்வார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். மூன்று மாதமாக அந்தக் கேலிக்கு அவரால் சிரிக்க முடிவதில்லை.

எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், கூடத்தில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினார். டெஸ்டர் அணையவில்லை. முன்வாசல் பக்கம் நடந்தார், மங்கியது. சமையலறைக்குத் திரும்பினார், கூடியது. பின்கதவை நெருங்க நெருங்கச் செக்கச்செவேலென்று ஆனது. தாழ்ப்பாளில் வைக்கப் போன கையை அவர் இழுத்துக்கொண்டார். டெஸ்டரை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு, ஒன்றுமில்லை, பழசாகிவிட்டது, நாளைக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மணி ஏழரைதான் ஆகியிருந்தது. மனைவி மகளின் பிரசவத்துக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாயிற்று. தனியாக இருப்பது ஒன்றும் புதிதல்ல. ஆனால் கரண்ட் இல்லாத வீட்டில் இத்தனை சத்தங்கள் இருக்கும் என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. நின்றுபோன ஃபிரிட்ஜ் சூடு தணியும்போது உள்ளுக்குள் எதையோ சொடுக்கியது, தொட்டித் தண்ணீரில் குழாயின் கடைசிச் சொட்டு விழுந்தது, பின்பக்கத் தோட்டத்தில் எலுமிச்சை மரத்தின் கிளையொன்று ஜன்னல் கம்பியை நகத்தால் கீறுவதுபோல மெல்லக் கீறிக்கொண்டிருந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு சத்தமும் இருந்தது. அதைக் கேட்கக் காது மட்டும் போதாது, பல்லிலும் தெரியும். முனகல். டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் நின்றால் கேட்கிற முனகல்.

போன் அடித்தது. திரையில் 'பேக்கரி வீடு' என்று வந்தது.

எடுக்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒருமுறை எடுக்காமல் இருந்ததற்கே இன்னும் பதில் சொல்ல முடியவில்லை. எடுத்தார்.

"அண்ணா, வீட்லதான் இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. சொல்லு."

"பயப்படாதீங்க. உங்க தோட்டத்துல யாரோ நிக்கற மாதிரி இருக்குண்ணா. மதில் ஓரமா. நான் மாடி ஜன்னல்லேர்ந்து பாக்கறேன்."

"நிழலா இருக்கும்மா."

"நிழல் கையைத் தூக்குமாண்ணா?"

அவள் வீடும் இவர் வீடும் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் இருந்தன. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஆளுயர மதில் ஒன்றுதான். அவளுடைய கணவனை இவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். பேக்கரியில் வேலை; விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பிவிடுவான். திரும்பி வரும்போது சூடு ஆறாத ரொட்டி ஒன்றைத் தாளில் சுற்றி மதில்மேல் வைத்துவிட்டு, "அண்ணே, ரொட்டி!" என்று ஒரு குரல் கொடுப்பான். ஒருநாளும் காசு வாங்கியதில்லை. உள்ளங்கை இரண்டிலும் அடுப்புச் சூட்டின் தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். "என் ஜாதகம் இதுலதான் எழுதியிருக்கு" என்று விரித்துக் காட்டிச் சிரிப்பான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இவருடைய தோட்டத்துக் கொட்டகையில் செம்புக் கம்பிச் சுருள்கள் திருட்டுப் போயின. ஒருமுறை அல்ல, இரண்டு முறை. போலீசில் சொன்னால் எழுதி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கொட்டகையிலிருந்து ஓர் இணைப்பு எடுத்து, மதிலின் தலைமேல் நீளமாக ஒரு வெறுங்கம்பியை ஓடவிட்டார். படுக்கப் போகும்போது போடுவது, விடிந்ததும் அணைப்பது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு பயலுக்கு ஷாக் அடித்தால் ஊரில் உள்ள எல்லாப் பயலுக்கும் புத்தி வரும் என்று நினைத்தார். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை என்று அதற்குப் பிறகு ஆயிரம் தடவை தனக்குச் சொல்லிக்கொண்டார். பொய். முப்பது வருடம் கரண்ட்டோடு புழங்கியவருக்கு, மழை பெய்தால் அந்த மதில் என்ன செய்யும் என்பது தெரியாமலா இருக்கும்?

நாலாம் நாள் ராத்திரி மழை பெய்தது.

ஐந்து மணிக்கு அணைக்கப் போனபோது, தம்பி மதில்மேல் குப்புறக் கிடந்தான். பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். இரண்டு கையும் கம்பியை இறுகப் பிடித்திருந்தன. பிடித்தால் விட முடியாது, அதுதான் கரண்ட். கொட்டகைப் பூட்டு உடைந்து கிடந்தது, சேற்றில் பக்கத்துச் சந்து வழியாக வந்துபோன யாருடையதோ செருப்புத் தடம். இவருடைய போனில் தம்பியிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள், மூன்று மணிக்கு ஒன்று, மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. வேலைக்குக் கிளம்பியவன் இவருடைய தோட்டத்தில் திருடனைப் பார்த்திருக்கிறான். கூப்பிட்டிருக்கிறான். இவர் எடுக்கவில்லை. தானே விரட்டலாம் என்று மதிலேறியிருக்கிறான்.

இவர் அலறவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்து, அவனை அவன் வீட்டுப் பக்கமே இறக்கி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடத்தினார். கம்பியை அவிழ்த்துத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டார். பிறகு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, அவள் அலறுவதற்காகக் காத்திருந்தார். அலறியதும் முதல் ஆளாக ஓடினார்.

மாரடைப்பு என்றார்கள். முப்பத்தாறு வயதில் என்ன மாரடைப்பு என்று ஒருவர் கேட்டார், இந்தக் காலத்தில் வயதா பார்க்கிறது என்று இன்னொருவர் சொன்னார். உள்ளங்கை கருகியிருந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். "என்னண்ணா இது?" என்று இவரைத்தான் கேட்டாள். "அடுப்பு வேலைம்மா" என்றார். அவள் தலையாட்டினாள். ஒரு வாரம் கழித்து இன்னொன்றும் கேட்டாள்: "கடைசியா உங்களுக்குத்தான் போன் பண்ணியிருக்காரு. நெஞ்சு வலிக்குதுன்னு கூப்பிட்டிருப்பாரு. மணி அடிச்சது கேக்கலியாண்ணா?"

"தூங்கிட்டேன்மா."

"பரவாயில்லண்ணா. நீங்க என்ன பண்ணுவீங்க."

அந்தப் 'பரவாயில்ல'வுக்குக் கடன் தீர்ப்பதுபோல அவர் வேலை செய்தார். அவள் வீட்டு மின்விசிறியைப் பழுது பார்த்துக் கொடுத்தார், மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுத்தார், கேட்காமலே ரேஷன் சாமான்களைத் தூக்கிக் கொடுத்தார். "எங்க கூடப்பொறந்த அண்ணன்கூட இப்படிச் செய்யமாட்டாரு" என்று அவள் தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். அது ஒவ்வொருவர் வாய் வழியாகவும் திரும்பி வந்து இவரைக் குத்தியது.

"அண்ணா? கேக்குதா?" போனில் அவள் குரல் மறுபடி வந்தது. "இப்ப நல்லாவே தெரியுது."

"நீ வெளியில வராதம்மா. கதவைச் சாத்திக்க. நான் பாத்துக்கறேன்."

டார்ச்சை எடுத்தார். இன்னொரு கையில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டு. திருடன்தான், கரண்ட் போனதும் வந்திருக்கிறான், அடித்து விரட்டினால் போய்விடுவான். தாழ்ப்பாளை நீக்கும்போது அந்த எண்ணம் அவருக்குக் கிட்டத்தட்ட ஆறுதலாக இருந்தது.

கதவு திறந்ததும் முதலில் வந்தது வாசனை. ஈர மண்ணின் வாசனை இல்லை, எலுமிச்சை இலையின் வாசனையும் இல்லை. அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் வாசனை, வெதுவெதுப்பாக, இனிப்பாக, முகத்தில் கை வைத்து வருடுவதுபோல வந்தது. இரண்டாவது மூச்சில் அதன் அடிப்பக்கம் தீய்ந்திருந்தது. மூன்றாவது மூச்சில் தீய்வது ரொட்டி இல்லை என்று தெரிந்தது.

குழாய்த் துண்டைப் பிடித்திருந்த கையில் மயிர்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

டார்ச் எரியவில்லை. தட்டினார். எரியவில்லை. ஆனால் தோட்டம் முழு இருட்டாகவும் இல்லை. கொட்டகைக்குள் தொங்கும் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மெயின் இறக்கிய வீட்டில், கரண்ட் இல்லாத தெருவில். இழை மட்டும், பழுத்த ஆரஞ்சு நிறத்தில். அந்த வெளிச்சத்தில் மதிலின் தலை தெரிந்தது. அதன்மேல் ஒரு கோடு.

கம்பி.

தன் கையால் நறுக்கிப் போட்ட கம்பி. முழுசாக. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. முனகிக்கொண்டு.

மதிலோரமாக ஓர் ஆள். முதுகு இவர் பக்கம். இரண்டு கையையும் மேலே தூக்கிக் கம்பியைப் பிடித்தபடி. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மழையில்லை.

"யாரு?" என்று கேட்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ தரையில் உரசும் சத்தம். ஸ்டூல். ஸ்டூலை இழுத்துப் போடுகிறாள்.

"அண்ணா, இருங்க, நானே எட்டிப் பாக்கறேன்."

"வேணாம்மா! ஏறாத!"

"யாருன்னுதான் பாக்கறேன்ணா. என்னைக் கூப்பிடற மாதிரி இருக்கு."

மதிலுக்கு மேல் அவளுடைய தலை எழுந்தது. நெற்றி. கண்கள். பிறகு ஒரு கை, பிடிமானம் தேடி, கம்பியை நோக்கி.

அந்தக் கணத்தில் ஃபியூஸ்காரருக்குள் மூன்று மாதமாகப் பூட்டி வைத்திருந்தது உடைந்தது. "தொடாத! கம்பியில கரண்ட் இருக்கு! நான்தான் கட்டுனேன்! தம்பி மாரடைப்புல போகல, இதுல மாட்டித்தான் போனான், நான்தான் தூக்கி உங்க பக்கம் போட்டேன். எம்மா, கையை எடும்மா!"

அவள் கை நின்றது. கம்பிக்கு ஓர் அங்குலம் மேலே.

தோட்டத்தில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. முனகல் மட்டும். அவள் இவரைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார், சபிப்பாள் என்று நினைத்தார், இரண்டையும் வாங்கிக்கொள்ளத் தயாராக, குழாயைக் கீழே போட்டுவிட்டு நின்றார். அவள் முகத்தில் இரண்டுமே இல்லை. பிள்ளையைத் தூங்க வைக்கிற குரலில் சொன்னாள்:

"தெரியும்ணா. அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு. நீங்களா எப்ப சொல்வீங்கன்னுதான் நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டிருந்தோம்."

நாங்க.

"நீ... எப்பம்மா... அவன்கிட்ட..."

"சாயங்காலம். கரண்ட் போச்சே, அப்ப. அவரு கூப்பிட்டாரு, கம்பியைப் பிடிச்சிட்டேன்."

கையைக் கம்பியின்மேல் வைத்தாள். பொறி பறக்கவில்லை. அவள் துடிக்கவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றவனின் கருகிய விரல்களுக்கு இடையில் தன் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்துக் கோத்துக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தார். அவளுடைய உள்ளங்கையும் கரிந்திருந்தது. ஏற்கெனவே. சூடு ஆறி.

ஸ்டூலில் நிற்பவளின் தலை அசையவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில், தரையில், வேறு ஏதோ வெளிறிக் கிடப்பது மதிலில் இருந்த வெடிப்பு வழியாகத் தெரிந்தது. சேலையின் ஒரு முனை, அவள் கட்டியிருந்த அதே சேலை. ஒரு பாதம்.

ஓடினால் ஓடியிருக்கலாம். பின்கதவு நாலடி தூரத்தில் திறந்துதான் கிடந்தது. கால் நகரவில்லை. நகர்ந்தது. முன்னால். ஓரடி. செருப்பை விட்டுவிட்டு, ஈர மண்ணில், வெறுங்காலோடு.

மதிலோரத்து ஆள் திரும்பவில்லை. கோத்த கை கோத்தபடியே இருக்க, இன்னொரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தான். அது எளிதாக வரவில்லை. தோல் கொஞ்சம் கம்பியிலேயே தங்கியது. அந்தக் கையைப் பின்னால் நீட்டினான். இவர் பக்கம். கூட்டத்தில் சின்னப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவார்களே, அப்படி.

உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. கருப்பாக. அவசரமில்லாமல்.

கம்பி முனகியது.

கை நீண்டபடியே இருந்தது.