நேற்றிரவு படுத்தவர்கள்

ஜீப் நின்றபோது பிற்பகல் மூன்று மணி. "இந்தப் பக்கம் மனுஷன் மூஞ்சியைப் பாக்கணும்னா கண்ணாடியத்தான் பாத்துக்கணும்" என்று ஓட்டுநர் வழிநெடுகப் புலம்பியிருந்தார். மாவட்டத்தின் கடைசி வீடு அது. வரைபடத்தில் இன்னும் ஓர் ஊராகவே இருந்தது, ஒரு புள்ளியாக.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவள் படிவத்தோடு இறங்கினாள். ஐந்து பேருக்குக் குறைந்தால் அந்தப் புள்ளி போய்விடும். பிறகு மின்கம்பியைக் கழற்றிவிடுவார்கள். கம்பி போனால் கிணற்று மோட்டார் ஓடாது. தண்ணீர் இல்லாவிட்டால் இங்கே ஆடுகூட நிற்காது.

வாசலில் நின்ற வீட்டுக்காரிக்கு அதெல்லாம் தெரிந்திருந்தது. பின்னால் அவள் கணவன் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு மகள்கள் நுனியைப் பிடித்திருந்தார்கள்.

"நேத்து ராத்திரி இந்த வீட்டுல யார் யாரு படுத்திருந்தீங்க?"

படிவத்தின் கேள்வியே அதுதான். ஊர், உறவு எதுவும் கணக்கில்லை. அந்த இரவு கூரைக்குக் கீழே படுத்தவர்களே கணக்கு.

"அஞ்சு பேரு."

"நாலு பேர்தானே அக்கா இருக்கீங்க?"

"என் கொழுந்தன் இருக்கான்."

கணவன் நிமிரவில்லை. கயிறு மட்டும் நின்றது.

"அவரைக் கூப்பிடுங்களேன்."

"பகல்ல வரமாட்டான். இந்தக் கிணத்தத் தோண்டினவன் அவன்தான். தண்ணி ஊறின அன்னைக்கே மண்ணு சரிஞ்சு உள்ளயே போயிட்டான்."

அவள் பேனாவை மூடினாள். "செத்தவங்கள எழுத முடியாதுக்கா."

"உயிரோட இருக்கணும்னு உங்க தாள்ல எங்க போட்டிருக்கு? படுத்தது யாருன்னுதானே கேட்டீங்க? உள்ள வந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

அறையில் சிறிய ஜன்னல் ஒன்றுதான். மூன்று வருடம் மழை பார்க்காத நிலத்தில், அந்த அறைக்குள் மட்டும் ஈரமண் வாசனை. ஐந்து பாய்கள் சுருட்டாமல் கிடந்தன. நான்கு காய்ந்திருந்தன. ஐந்தாவதில் ஒரு முதுகின் அகலத்துக்கு ஈரம்.

கணக்கெடுக்க வந்தவள் குனிந்து கை வைத்தாள்.

சூடாக இருந்தது.

யாரும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அசந்து தூங்குகிறவனின் நீண்ட மூச்சு.

அது நின்றது. தூக்கம் கலைந்ததுபோல.

வீட்டுக்காரி அவள் காதோரம் முணுமுணுத்தாள். "இப்ப எழுதுங்க. செத்தும் அவன் போகல. நாங்க மட்டும் போயிடுவோமா?"

நால்வரிடமும் கைரேகை வாங்கினாள். பிறகு, ஏனென்று தெரியாமலே, மைப்பெட்டியையும் படிவத்தையும் ஐந்தாவது பாயில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். திரும்பிப்போய் எடுத்தபோது ஐந்தாவது வரியில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. மை அல்ல, மண்.

மூன்றாம் நாள் அலுவலகத்தில் மேலதிகாரி சிவப்புப் பேனாவை எடுத்தார். "கிணத்துல செத்தவனாமே? வாசல்ல நின்னு கேட்ட ஓட்டுநர் சொல்லிட்டான்."

"அந்த வரிய அடிக்காதீங்க சார். நம்ம கேள்விய நான் கேட்டேன், அவங்க பதில் சொன்னாங்க. நானே தொட்டுப் பாத்தேன்."

"வேலை போயிடும்மா."

"என் வேலை போகட்டும் சார். அந்த ஊரு போகக்கூடாது."

அவர் கோடு கிழித்தார். சிவப்பு மை நீரில் விழுந்ததுபோல் கரைந்து வழிந்தது. ரேகை அப்படியே இருந்தது. மறுபடி கிழித்தார். மறுபடி கரைந்தது.

மூன்றாம் முறை பேனா தாளைத் தொடவேயில்லை. கை பாதியில் நின்றுவிட்டது. பேனா உருண்டு தரையில் விழுந்தது.

அவர் மணிக்கட்டைச் சுற்றி, இறுகப் பிடித்த ஈரமண் விரல்களின் தடம்.

அவள் எண்ணினாள்.

ஐந்து.