நாற்பது பார்களும் ஒரு நாக்கும்

"அத்தாஆஆன்...!"

காலை பதினொன்றரை மணிக்கு ஒரு பாரில் இருந்து இப்படி ஓர் அலறல் வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பார்த்தது. எதிரே இருந்த போலீஸ் ஸ்டேஷனும் சேர்த்து!

இன்ஸ்பெக்டர் ஓர் ஏட்டோடு ரோட்டைக் கடந்து உள்ளே வந்தபோது, ஏழாம் நம்பர் மேஜையில் கன்னத்தை அழுத்திக் கவிழ்ந்து கிடந்தார் அந்த மனிதர். வாயோரம் நுரை. கையருகே பாதி காலியான பீர் டம்ளர். டம்ளர் விளிம்பில் உட்கார்ந்த ஈ ஒன்று பொத்தென்று உள்ளே விழுந்தது.

மறுபடி எழவில்லை!

இன்ஸ்பெக்டர் குனிந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். அப்புறம் கையை மெதுவாக மேஜை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. சிரித்தே பார்த்திராத முகம்.

"யாரும் இவரைத் தொடக்கூடாது. இவர் அந்தப் பத்திரிகைக்காரர்தானே... 'நாக்கு'?"

"ஆமா மேடம்..." தேம்பினான் அலறிய மைத்துனன். "என் அக்கா புருஷன்."

ஊர் அவரை 'நாக்கு' என்றுதான் கூப்பிடும். வாரப் பத்திரிகையில் 'தொண்டையில் இறங்காதவை' என்று பத்தி எழுதுகிறவர். நாலே வருடத்தில் நாற்பது பார்களைக் கிழித்துத் தோரணம் கட்டியவர். டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் உள்ளே போனவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டிய பார்... கூரை ஒழுகி டம்ளர் தானாகவே நிரம்பும் பார்... படித்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பீரில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் அந்த நாக்கு சொல்லிவிடும் என்று பேச்சு.

"இந்த பாரைக்கூட எழுதினாரே?"

கவுன்ட்டருக்குப் பின்னால் வெலவெலத்து நின்றிருந்த பார்க்காரர் தலையாட்டினார். "முதல் வாரமே எங்களைத்தான் மேடம். 'சாக்ஸ் ஊறவெச்ச தண்ணி'ன்னு எழுதினார். அதோட கூட்டம் போச்சு. இன்னிக்கு மறுபடி வந்தப்ப, இந்தத் தடவையாவது நல்லா எழுதட்டும்னு நானே டம்ளரைத் துடைச்சுக் கொடுத்தேன். சத்தியமா நான் எதுவும் கலக்கலை!"

"இவரைச் சொல்லிக் குத்தமில்ல மேடம்," என்றான் மைத்துனன் பெருந்தன்மையாக. "யோசிங்க... ஒரு சொட்டுத் தண்ணியையே கண்டுபிடிக்கிற நாக்கு. விஷம்னு தெரியாமலா பாதி டம்ளர் குடிச்சிருக்கும்? தெரிஞ்சேதான் குடிச்சிருக்கார். கொஞ்ச நாளா மனசே சரியில்ல அவருக்கு."

"தற்கொலைங்கறீங்க?"

"வேற என்ன?"

"நீங்க குடிக்கலையா?"

"ஐயோ, எனக்குப் பழக்கமே இல்ல மேடம்! நான் அத்தானுக்கு வண்டி ஓட்டறவன். பீருக்கும் இருமல் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாது."

அவன் செல்போன் அடித்தது. பத்திரிகை ஆசிரியர்! செய்திக்குக் கால் முளைத்துவிட்டது.

"ஆமா சார்... போயிட்டார் சார்..." மைத்துனன் மூக்கை உறிஞ்சினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அடுத்த வாரமா? பத்தி நிக்க வேண்டாம் சார். நானே எழுதறேன். என் பேரைப் பெரிசாவே போடுங்க."

இன்ஸ்பெக்டர் அதைக் கேட்காதவர் போல, கவுன்ட்டரில் கிடந்த போன வார இதழைப் புரட்டினார்.

"என்ன மனுஷன்யா! இதைக் கேளுங்க... 'இந்தக் கறுப்பு பீரைக் குடித்தால் அடிநாக்கில் காபி வாசனை வருகிறது.' அடடா! காபியாம்! இப்படி ஒரு நாக்கு இனிமே பொறந்துதான் வரணும். நீங்க என்னதான் எழுதினாலும் இது வருமா தம்பி?"

மைத்துனனின் காது சிவந்தது.

"அந்தக் 'காபி'ங்கற ஒரு வார்த்தைக்கே மாலை போடலாம்!"

"காபி இல்ல!"

"என்ன?"

"காபியே இல்ல மேடம்! சிக்கரி! சிக்கரின்னு தெளிவா ரெண்டு தடவை சொன்னேன்... இவர் காபின்னு எழுதி வெச்சுட்டார்! இவருக்கு என்ன தெரியும்? நான் சொல்றதை..."

சட்டென்று நிறுத்தினான். நாக்கைக் கடித்துக்கொண்டான். நேரம் கடந்துவிட்டது!

"சிக்கரின்னு எழுதினா படிக்கிறவனுக்குப் புரியாதுடா மச்சான்."

இதைச் சொன்னது இன்ஸ்பெக்டர் இல்லை.

பார்க்காரர் இல்லை.

ஏழாம் நம்பர் மேஜை!

"ஐயய்யோ...!" பார்க்காரர் இரண்டு ஸ்டூல்களைத் தள்ளிக்கொண்டு சுவரோடு ஒட்டினார். நாக்கு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். வாய் நுரையைத் துடைத்துக்கொண்டார். கண்களில் நீர்.

"நாடி பார்த்தப்பவே என் கையைக் கிள்ளிட்டார்," என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு."

மைத்துனன் ஓரடி பின்வாங்கினான். "நீங்க... உங்களுக்குத்தான்..."

"ருசி தெரியாதே, அதானே? நாலு வருஷம் முன்னாடி வந்த காய்ச்சல்ல ருசியும் வாசனையும் செத்துப்போச்சு. பத்தி ஆரம்பிக்கிற நேரம் பார்த்து! உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பொண்டாட்டிகிட்டகூட சொல்லலை. நீ குடிச்சுப் பார்த்துச் சொல்லுவே, நான் எழுதுவேன். மூணு வாரம் முன்னாடி பல் தேய்க்கறப்ப பேஸ்ட் சுரீர்னுச்சுடா... அழுதுட்டேன். உன்னைக் கட்டிப்பிடிச்சுச் சொல்லணும்னு நினைச்சேன். அதுக்கு முன்னாடி, நீ 'அமிர்தம்'னு சொன்ன பாருக்குப் போய் ஒரு வாய் குடிச்சேன்."

"அத்தான்..."

"கழுநீர்டா அது! அப்புறம் நீ சாக்கடைன்னு சொன்ன இடங்களுக்குப் போனேன். பதினோரு பார். எல்லாத்துலயும் பிரமாதமான பீர்! கூடவே இருந்து குழி பறிச்சிருக்கே. உன்னைத் தம்பியா நினைச்சேனேடா. இன்னிக்கு இங்க உன்னைக் கூட்டிட்டு வந்ததே, இப்பவாவது உண்மையைச் சொல்றியான்னு பார்க்கத்தான். நீ ஒரு வாய்கூட வைக்காம, 'நல்லாயிருக்கு அத்தான், குடிங்க'ன்னு நீட்டினே. நாக்குல பட்டதும் எட்டிக்காய்! கர்ச்சீப்ல துப்பிட்டு, நீ திரும்பின நேரத்துல பாதியைக் கீழ ஊத்திட்டுச் சாய்ஞ்சேன். நீ எப்படி அழறேன்னு பார்க்க ஆசை."

அவருக்கே அழுகை வந்துவிட்டது.

மைத்துனன் வெடித்தான். "ஆமா! நாக்கு என்னுது, பேரு உங்களுது! ஒரு வரி என் பேரைப் போட்டிருப்பீங்களா? பொய் சொன்னா ஜனங்க உங்க மேல காறித் துப்புவாங்கன்னுதான் மாத்திச் சொன்னேன். அதுக்கும் கைதட்டுறாங்களே, நான் என்ன பண்ண? நேத்து 'நாளைக்கு மட்டும் வா, அப்புறம் வர வேண்டாம், நானே போய்க்கறேன்'னீங்க. வேற நாக்கு கிடைச்சிருச்சு, கறிவேப்பிலை மாதிரி தூக்கி எறியறீங்கன்னு நினைச்சேன். அதான் கலந்தேன்!"

"அது போதும்," என்றார் இன்ஸ்பெக்டர். விலங்கு 'க்ளிக்' என்றது.

"ஒரு நிமிஷம் மேடம்..."

பார்க்காரர். சுவரை விட்டு வந்திருந்தார். நடுக்கம் போயிருந்தது. நேராக நாக்கின் எதிரே வந்து நின்றார்.

"அப்ப... சாக்ஸ் தண்ணின்னு எழுதினீங்களே... அன்னிக்கு உங்களுக்கு ருசியே தெரியாதா?"

நாக்கு காலி டம்ளர் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"சொல்லுங்க சார். தெரியாதா?"

"...தெரியாது."

"எங்க அப்பா தன் கையாலயே பீர் வடிச்சு முப்பது வருஷம் நடத்தின கடை இது. நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, 'அவ்வளவு பெரிய நாக்கு சொல்லுதுன்னா நம்ம கைதான் கெட்டுப்போச்சுப்பா'ன்னு படுத்தவர். எழுந்திரிக்கவே இல்ல. நானும் நாலு வருஷமா அவர் கையைத்தான் சந்தேகப்பட்டேன்!"

ஏமாற்றப்பட்டவன் தான் மட்டுமே என்று அந்த நிமிடம் வரை நினைத்துக்கொண்டிருந்த நாக்கு, தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வந்தார்.

"என் புகாரையும் எழுதிக்குங்க மேடம். இவர் மேல!"

இன்ஸ்பெக்டர் அத்தானையும் மைத்துனனையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் முறையாகச் சிரித்தார்.

"ஏட்டையா, ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. நம்ம லாக்கப்புக்கு இதுவரைக்கும் எந்தப் பத்திரிகையும் மார்க் போட்டதில்ல... ஒருத்தர் ருசி பார்க்கட்டும், ஒருத்தர் எழுதட்டும்!"